பத்துப் பெட்டி நைன்-த்ரீ

ஆஸ்திரேலிய மலையோர ஊரான எங்கள் யாரபினில் யார் புதிதாக ரைஃபிள் வாங்கினாலும் முதலில் என்னிடம் வந்து கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். நான் வேலி போடுகிறவன். பெயர் வாரன் பாஸ்கோ. துப்பாக்கி வியாபாரியும் இல்லை, பெரிய வேட்டைக்காரனும் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்.

"துப்பாக்கியப் பாக்காத, தோட்டாவப் பாரு. ஒண்ணுமில்லாத ஊர்ல, ஒரே ஒரு கடை இருக்கும். அந்தக் கடைக்காரன் ரெண்டே ரெண்டு வகைத் தோட்டா வெச்சிருப்பான். அதுல ஒண்ணை வாங்கிக்கோ. மீதியெல்லாம் சுவத்துல மாட்டுறதுக்கு."

எங்கள் மலையில் அந்த இரண்டில் ஒன்று எப்போதும் த்ரீ-நாட்-எய்ட். மிளா மானைச் சாய்க்கப் போதும். எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த வருஷமும் கிடைக்கும். அப்படித்தான் நம்பினேன்.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. இருபத்தொரு வயதில், ஆட்டு ரோமம் கத்தரித்துச் சேர்த்த கூலியில், அந்த வருஷம் வேட்டைப் பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஒரு புது காலிபரில், அதாவது புதுத் தோட்டா அளவில், ஒரு ரைஃபிள் வாங்கினேன். அதன் பெயரைச் சொல்ல இன்றைக்கும் வெட்கம். மூன்றாம் வருஷம் அதற்குத் தோட்டா வருவது நின்றுபோனது. கடைசி ஐந்து தோட்டாவோடு ஒரு குளிர்காலம் முழுக்க அலைந்தேன். 'இதற்கு ஒன்றைச் செலவழிக்கலாமா' என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

நெரிடாவின் கடைதான் எங்கள் ஊரின் ஒரே கடை. பெட்ரோல், ரொட்டி, தபால், தூண்டில் முள், பின்னால் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரியில் தோட்டா. அவள் கணவன் ட்ரெவ், ஆறு மாத வேலை என்று டார்வினுக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ட்ரெவ் இருந்தவரை தோட்டா ஆர்டர் போடுவது அவன் வேலை. அவன் போனபின் நெரிடா என்னைக் கூப்பிட்டாள்.

"வாரன், இதுல எது ஓடும் எது தூங்கும்னு எனக்கு ஒரு எழவும் தெரியல. ஒரு வியாழக்கிழமை வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

ஆர்டர் போடுவது வருஷத்துக்கு இரண்டே தடவை. நான் எல்லா வியாழக்கிழமையும் போனேன். அவள் டீயும் திராட்சை ரொட்டியும் தருவாள். ஜன்னலோரம் இருந்த நாற்காலி என்னுடையது என்றே ஆகிவிட்டது. வேலிக் கம்பி விலையைப் பற்றிப் பேசுவேன். மழையைப் பற்றிப் பேசுவேன். பேச வேண்டியது ஒன்று இருந்தது. அதை மட்டும் அடுத்த வியாழக்கிழமைக்குத் தள்ளிவைப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கும் இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

கொரோனாவின் இரண்டாம் வருஷம், பிப்ரவரியில், எமில் லிண்ட்னர் வந்து சேர்ந்தான். தெற்கு ஆஸ்திரேலியாக்காரன். மர அறுவை மில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றோரம் காலியாகக் கிடந்த பழைய தபால்காரர் வீட்டை வாங்கியிருந்தான். வயது அறுபது, என்னைவிட இரண்டு கூட. தலைமுடி மட்டும் அப்படியே இருந்தது.

முதல் தடவை அவன் கடைக்குள் வந்தது ஒரு வியாழக்கிழமை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"இங்க நைன்-த்ரீ தோட்டா கிடைக்குமா?" என்று நெரிடாவிடம் கேட்டான்.

நைன்-த்ரீ நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியச் சரக்கு. தடித்த தோட்டா. மிளாவை நின்ற இடத்திலேயே உட்காரவைக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் நூறு பேரில் ஒருவன்கூட வைத்திருக்க மாட்டான்.

நான் முந்திக்கொண்டேன். "நைன்-த்ரீயா? அத மியூசியத்துல போய்க் கேளுங்க."

"கேட்டுப் பாத்தேன். என்னையும் சேத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கணும்னாங்க. ஓடி வந்துட்டேன்."

நெரிடா சிரித்தாள். சும்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மேஜைமேல் போட்டுவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"நல்ல துப்பாக்கிதான்," என்றேன். "தோட்டா தீந்துபோனா கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்."

"நீங்க என்ன வெச்சிருக்கீங்க?"

"த்ரீ-நாட்-எய்ட். எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

"அதான் எனக்கு பயம். எல்லாக் கடையிலயும் கிடைக்கும், எல்லாரும் அதையே வாங்குவாங்க. என்னிக்காவது எல்லாரும் ஒண்ணா வந்து நின்னாங்கன்னா?"

"முப்பது வருஷமா அப்படி ஒரு நாள் வரல."

"எனக்கும் அறுபது வருஷமா மாரடைப்பு வரல. அதுக்காக டாக்டரத் திட்ட முடியுமா?"

மறுபடியும் அந்தச் சிரிப்பு. என் டீ ஆறிப்போயிருந்தது.

அவன் கையில் இருபது தோட்டா கொண்ட ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. மீதியை ஊரைவிட்டு வரும்போது அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டானாம். நெரிடா உடனே நோட்டை எடுத்தாள். "மார்ச் ஆர்டர்ல சேத்துடறேன் மிஸ்டர் லிண்ட்னர். எத்தனை வேணும்?"

"பத்துப் பெட்டி. மூணு வருஷத்துக்கு உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"தொந்தரவு பண்ணலாம், பரவாயில்ல," என்றாள்.

பொறாமை நெஞ்சில் வரும் என்பார்கள். எனக்கு அது வயிற்றில்தான் வந்தது. கெட்டுப்போன சிப்பி தின்றவன்போல இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால், 'பரவாயில்ல' என்று அவள் சொன்ன தொனி காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு வாரத்தில் மிஸ்டர் லிண்ட்னர் 'எமில்' ஆனான். கடையின் விறகு ரம்பத்தைப் பல் தீட்டிக் கொடுத்தான். குளிர்பெட்டியின் கதவை நிமிர்த்தினான். அந்தக் கதவு நாலு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் நாலு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவனுடைய பச்சை வண்டி கடைவாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு நாளைக்கு மூன்று முறை அந்தப் பக்கம் போனேன். போனதற்குச் சாக்காக ஒரு ரொட்டி வாங்குவேன். என் குளிர்பெட்டியில் ஒன்பது ரொட்டி சேர்ந்துவிட்டது.

ஒரு வியாழக்கிழமை போனபோது அவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா வாரன், உக்காரு," என்றான். அவன் எழாமல் இருந்திருந்தால் தேவலை. என் நாற்காலியை எனக்கே தானம் பண்ணுகிறான்.

இதில் ஜோஸி வேறு வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வேட்டை லைசென்ஸ் புதிதாக எடுத்திருந்தாள். "ரைஃபிள் வாங்கப் போறேன். எமில்கிட்ட கேட்டேன், என்ன காலிபர் நல்லதுன்னு," என்றாள் என்னிடமே.

"அவன்கிட்டயா கேட்ட?"

"ஆமா. பேசிட்டிருந்தோம், கேட்டேன். அவரு என்ன சொன்னாருன்னா, 'நான் என் அப்பன் துப்பாக்கிய வெச்சிருக்கேன், அதனால நைன்-த்ரீ. உனக்கு அது வேணாம். இங்க வாரனுக்குத்தான் தெரியும், அவன் சொல்றத வாங்கு'ன்னாரு."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மதிப்பை எடுத்து என் கையிலேயே பெரிய மனுஷத்தனமாகத் திருப்பித் தருகிறானே, அதைத் தாங்க முடியவில்லை. ஜோஸிக்கு வழக்கமான பதிலைச் சொன்னேன். அவள் த்ரீ-நாட்-எய்ட் வாங்கினாள்.

மார்ச் மூன்றாம் வியாழக்கிழமை ஆர்டர் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல நெரிடா எழுதினாள். கடைசி வரியாக அவளே, என்னைக் கேட்காமல், 'நைன்-த்ரீ, பத்துப் பெட்டி' என்று எழுதினாள். எழுதும்போது வாயோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. அப்போது வெளியே ஒரு பெட்ரோல் லாரி வந்து ஹார்ன் அடித்தது.

"நீயே அனுப்பிடு வாரன்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கணினியில் ஆர்டரைத் தட்டினேன். கடைசி வரி வந்ததும் விரல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே அவள் லாரிக்காரனிடம் கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த வரியை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக த்ரீ-நாட்-எய்ட்டில் இருபது பெட்டி கூட்டினேன். நியாயம்கூடத் தயாராக வைத்திருந்தேன்: ஓடாத சரக்கை எதற்குக் கடையில் அடுக்குவது? கடைக்கு நல்லதுதானே செய்கிறேன்? இந்த நியாயத்தை எனக்கு நானே ஒரு வாரம் சொல்லிக்கொண்டேன். நியாயமான காரியத்துக்கு அத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்காது.

பிறகு கப்பல்கள் வராமல் போயின. வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் தங்கள் ஊருக்கே சப்ளை பண்ண முடியாமல் திணறின. நகரத்து ஆட்கள் பயத்தில் கண்ணில் பட்ட தோட்டாவையெல்லாம் அள்ளினார்கள். ஏப்ரலில் வரவேண்டிய சரக்கு ஜூனில் வந்தது. நெரிடா பெட்டியைப் பிரித்தாள். சிறு துப்பாக்கித் தோட்டாக்கள் கொஞ்சம் இருந்தன. த்ரீ-நாட்-எய்ட் ஒன்றுகூட இல்லை.

சப்ளைக்காரருக்குப் போன் போட்டாள். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் ஜன்னலோரம் இருந்தேன்.

"த்ரீ-நாட்-எய்ட்டா? நாடு முழுக்க இல்லம்மா. எல்லாருக்கும் வேணும்கிறதுதான் மொதல்ல தீந்துபோச்சு. யாருக்கும் வேணாங்கறது எங்கிட்ட மலை மாதிரி கிடந்துச்சு. நைன்-த்ரீ இருந்துச்சு, தேர்ட்டி ஃபைவ் இருந்துச்சு..."

"நைன்-த்ரீ நான் கேட்டிருந்தேனே. பத்துப் பெட்டி."

காகிதம் புரளும் சத்தம். "இல்லம்மா, உங்க லிஸ்ட்ல இல்ல. இருந்திருந்தா மார்ச்லயே அனுப்பிருப்பேன். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடைக்காரர் மொத்தத்தையும் எடுத்துட்டாரு."

நெரிடா போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"டைப் பண்ணும்போது விட்டுப்போச்சு போல," என்றேன்.

"போல," என்றாள்.

 என் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது பாதி நிறைந்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை போனபோது, "இன்னிக்கு வேலை இருக்கு வாரன்," என்று கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊரில் யாரிடமும் தோட்டா இல்லை. என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெறுங்கையோடு நின்றார்கள். ஜோஸி பேருந்தை என் வீட்டு முன் நிறுத்தி, இறங்காமலே கத்தினாள்.

"யோவ் வாரன்! புதுத் துப்பாக்கிய வெச்சு நான் என்ன பண்ண? மானுக்கு சல்யூட் அடிக்கவா?"

"வந்துரும் ஜோஸி. கொஞ்சம் பொறு."

"எந்தக் கடையிலயும் கிடைக்கும்ன! எந்தக் கடை? பேர் சொல்லு, பஸ்ஸ விடறேன்!"

பேருந்துக்குள் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது நாலு தோட்டா. எமிலிடம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் அவன் பெரிய மிளாக் கிடா ஒன்றை அடித்திருந்தான். அதன் படத்தை நெரிடா கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தாள். அதற்கு முன்னால், வந்த புதிதில், துப்பாக்கியின் குறி சரிபார்க்கப் பாதிப் பெட்டி போயிருக்கும். அதிகம் இருக்காது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை நெரிடா போன் பண்ணினாள். குரலில் ஒட்டுதல் இல்லை.

"பாலத்துக்கிட்ட மர லாரி ஒரு மிளாவ அடிச்சிருச்சு. பெரிய கிடா. பின்னங்கால் ஒடிஞ்சு, ஸ்கூலுக்குப் பின்னால புதருக்குள்ள பூந்துருச்சு. போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். உள்ளூர்ல யாராவது முடிச்சுடுங்கன்னாரு சார்ஜன்ட். எமில் கிளம்பிட்டான். நீயும் வா."

எமிலுக்கு முதலில் சொல்லியிருக்கிறாள். அந்த எண்ணத்தோடுதான் வண்டியைக் கிளப்பினேன்.

ஜூலை எங்களுக்குக் குளிர்காலம்; புல்லெல்லாம் உறைபனி. நெரிடா பாலத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எமில் துப்பாக்கியோடு காத்திருந்தான்.

"உன்கிட்ட எத்தனை இருக்கு?" என்றான் மெதுவாக.

"நாலு. உன்கிட்ட?"

"ஒண்ணு."

அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க என் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தேன்.

"அப்ப நீ முன்னால போ," என்றான். "நான் பக்கவாட்டுல வர்றேன். ஸ்கூல் வேலிப் பக்கம் திரும்ப விடக்கூடாது. அவசரப்படாத, அது வலியில இருக்கு. வலியில இருக்கறது மேல வந்து விழும்."

புதருக்குள் ரத்தத் தடம் தெளிவாக இருந்தது. ஐம்பது அடி போனதும் பார்த்தேன். கழுத்தைத் தாழ்த்தி, மூக்கில் புகை விட்டுக்கொண்டு, மூன்று காலில் நின்றது. முன்னந்தோள் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஓரடி நகரக் காத்திருக்க வேண்டும். முப்பது வருஷ வேட்டையில் இப்படி ஒரு நேரத்தில் எப்போதும் காத்திருந்தவன்தான் நான். ஆனால் பக்கவாட்டில் எமில் துப்பாக்கியைத் தூக்குவது கண்ணோரம் தெரிந்தது. அவன் முந்திவிடுவான் என்று நினைத்தேன். பாலத்தில் அவள் நிற்கிறாள் என்று நினைத்தேன். சுட்டேன்.

வயிற்றில் பட்டது. அது கத்திய கத்தலை எழுத்தில் எழுத முடியாது. இரண்டாவது குண்டு மரத்தில் போனது. மூன்றாவதை ஏற்றுவதற்குள் கிடா திரும்பிப் பள்ளி வேலிப் பக்கம் பாய்ந்தது. நேராக எமில் நின்ற இடத்தை நோக்கி.

எமில் சுடவில்லை. துப்பாக்கி தோளில் இருந்தது, ஆள் அசையவில்லை. 'சுடுடா, சுடுடா' என்று எனக்குள் ஓடியது. இருபது அடி, பதினைந்து அடி. ஒடிந்த கால் வழுக்கிக் கிடா பக்கவாட்டில் திரும்பிய அந்த ஒரு நொடியில் சுட்டான். முன்னங்கால்கள் மடங்கி, அவன் காலடிக்கு நாலு எட்டு முன்னால் வந்து விழுந்தது.

அவன் துப்பாக்கியைத் திறந்து காலித் தோட்டாக் குப்பியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.  

நாங்கள் பாலத்துக்குத் திரும்பியதும் நெரிடா ஓடிவந்தாள். "மூணு சத்தம் கேட்டுச்சே. என்ன ஆச்சு?"

"வாரன் நிறுத்தினான், நான் முடிச்சேன்," என்றான் எமில். "போய் டீ போடு, குளுருது."

 அவன் சொன்ன பொய் என்னைக் காப்பாற்றியது. அந்த நிமிஷத்தில் அவனை வெறுத்ததுபோல் என் வாழ்க்கையில் வேறு எவனையும் வெறுத்ததில்லை.

அன்று வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். வயிற்றில் குண்டுபட்ட கிடாவின் கத்தல் போகவில்லை. அவன் கையில் ஒன்றுக்குப் பதில் இருநூறு தோட்டா இருந்திருக்க வேண்டியது. வழுக்காமல் போயிருந்தால்? தோட்டா தவறியிருந்தால்? அவனை ஒற்றைத் தோட்டாவோடு அந்தப் புதருக்குள் நிறுத்தியது நான்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்தேன். பனியால் மேல்பாதை மூடியிருந்ததால் சுற்றிப் போக ஏழு மணி நேரம் ஆனது. மலைக்கு அந்தப் பக்கம் சப்ளைக்காரர் சொன்ன கடையைக் கண்டுபிடித்தேன். நைன்-த்ரீ நாலு பெட்டி மிச்சம் இருந்தது. கடைக்காரர் என் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல இத யாரு சுடறா?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்," என்றேன்.

மறுநாள் நெரிடாவின் மேஜைமேல் நாலு பெட்டியையும் வைத்தேன். அவள் அவற்றையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரொட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அந்த வரி விட்டுப்போகல," என்றேன். "நான்தான் விட்டேன்."

"தெரியும். நீ ஃபோன் நம்பரக்கூட ரெண்டு தடவை சரிபார்க்கற ஆளு. நீ ஏன் பண்ணினன்னுதான் தெரியல."

சொல்வதற்குப் பல காரணங்கள் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அவன் வந்தன்னிக்கு நீ சிரிச்ச."

ரொட்டியைக் கீழே வைத்தாள். "சிரிக்கக் கூடாதா?"

"சிரிக்கலாம். பன்னிரண்டு வருஷமா நான் இங்க உக்காந்திருந்தேன். ஒரு தடவைகூட நீ அப்படிச் சிரிக்கல."

"நீ ஒரு தடவைகூட சிரிக்கற மாதிரி எதுவும் சொல்லலையே வாரன்! கம்பி விலை ஏறிருச்சு, கம்பி விலை எறங்கிருச்சு. அதுக்கு எப்படிச் சிரிக்கறது?" குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. "மொத ரெண்டு வருஷம் நானும் காத்துட்டுத்தான் இருந்தேன். ஏதாவது சொல்லுவ, ஏதாவது கேப்பன்னு. அப்புறம் திராட்சை ரொட்டிக்குத்தான் வர்றான் போலன்னு விட்டுட்டேன்."

அந்த வார்த்தை இன்னும் என்னிடம் இருக்கிறது. அவள் காத்திருந்திருக்கிறாள். நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன்.

"எமில்கிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "நீ சொல்லணும்."

எமில் தன் வீட்டுப் பின்புறம் விறகு பிளந்துகொண்டிருந்தான். உட்காரச் சொன்னான். நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டான். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"தோட்டா இல்லாமப் பண்ணினதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்ல," என்றான். "ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு உன்கிட்ட சொன்னேன். ஏன் இல்லேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல நடந்து வந்த. அப்பவாச்சும் அது ஓரெட்டு வைக்கற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல?"

"நீ முந்திருவேன்னு நெனச்சேன்."

"நான் ஒனக்குக் காவலாத்தான்யா துப்பாக்கியத் தூக்கினேன்!" கோடாரியைக் கட்டையில் இறக்கினான். "போ. இப்ப போயிரு."

போனேன். அதன்பிறகு மாதக்கணக்கில் அவன் என்னோடு பேசவில்லை. சாலையில் எதிரே வந்தால் வணக்கம் சொல்ல ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல்கூடத் தூக்கவில்லை. எங்கள் ஊரில் அது கெட்ட வார்த்தைக்குச் சமம்.

செப்டம்பர் கடைசியில் த்ரீ-நாட்-எய்ட் கொஞ்சம் வந்தது. ஒரு லைசென்ஸுக்கு இரண்டு பெட்டி என்று நெரிடா பிரித்துக் கொடுத்தாள். இப்போதும் சிலர் வந்து என்னைக் கேட்கிறார்கள், பழைய அளவு இல்லை. கடையில் கிடைக்கிறதையே வாங்கு, ஆனால் துப்பாக்கி வாங்குகிற அன்றைக்கே மூன்று வருஷத்துக்கான தோட்டாவையும் சேர்த்து வாங்கிப் பூட்டிவை, அதற்குக் கையில் காசு இல்லை என்றால் துப்பாக்கியைத் தள்ளிப் போடு என்கிறேன். ஜோஸி இதைக் கேட்டுவிட்டு, "இத மார்ச்ல சொல்லிருக்க வேண்டியதுதான?" என்றாள். எல்லாரும் ஒரே தோட்டாவை நம்பி நிற்கக் கூடாது என்ற எமிலின் வாதத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறாள். அதை அவனே சொல்லிக்கொள்ளட்டும்.

டிசம்பரில் நெரிடா போன் பண்ணினாள்.

"வாரன், உன் லாரி வேணும். எமிலோட சாமானெல்லாம் இங்க கொண்டு வரணும். ஊர்ல வேற யார்கிட்டயும் அவ்வளவு பெரிய வண்டி இல்ல."

கடைக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டுக்கு. ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "எத்தனை மணிக்கு?" என்றேன்.

எமில் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். அலமாரி, வானொலிப் பெட்டி, ரம்பம் தீட்டும் இயந்திரம், பிறகு கட்டில். கட்டில் பழைய ஓக் மரம், பாறைபோல் கனம். இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்தோம். நெரிடா கதவைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையை நான் பார்த்ததில்லை. அவன் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் எனக்கு அதைப் பார்க்க வாய்த்தது. மஞ்சள் திரை. ஜன்னலில் ஒரு ஜெரேனியம் பூந்தொட்டி. அவ்வளவுதான்.

"உன் பக்கம் கொஞ்சம் எறக்கு," என்றான் எமில். அதுதான் ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"எறக்கிட்டேன்."

"இடுப்பு பாத்துக்க."

"என் இடுப்ப நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்க, பாத்துக்க. நாளைக்குப் புடிச்சுருச்சுன்னா என் மேல பழி போடுவ."

நெரிடா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான். 

எல்லாம் முடிந்தபோது அடுப்பிலிருந்து ஆட்டுத்தொடை வாசனை வந்தது. "சாப்பிட்டுட்டுப் போ," என்றாள் நெரிடா. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உட்கார்ந்தேன். எமில் எனக்கு பீர் ஊற்றினான், நுரை வழிய. நெரிடா இறைச்சியை வெட்டிப் பரிமாறினாள். அவன் தட்டில் விழுந்த துண்டு என்னுடையதைவிடப் பெரிதா என்று பார்த்தேன். பெரிதுதான். சாஸ் பாட்டிலை என் பக்கம் நகர்த்தச் சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன்.